உப்பு, சர்க்கரை, தண்ணீர்: கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய உயிர்க் கணக்கு



உப்பும் சர்க்கரையும் நாம் நாள்தோறும் எடை போட்டுக் கொடுக்கும் சரக்கு. லாபம் குறைவு, ஓட்டம் அதிகம் என்பதற்கு மேல் இந்த இரண்டைப் பற்றியும் நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் இவை இரண்டும் சரியான அளவில் சுத்தமான தண்ணீரில் சேர்ந்தால் ஓர் உயிரைக் காக்கும். அளவு தவறினால் அதே உயிருக்கு ஆபத்தாகும். இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் கடை வாசலிலேயே தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். இரவு எட்டு மணி இருக்கும். பிள்ளையார்பாளையம் பக்கத்திலிருந்து நம் வாடிக்கையாளரான நெசவாளி ஒருவர் ஓடி வந்தார். "அண்ணே, ஓ.ஆர்.எஸ். ஒண்ணு குடுங்க. குழந்தைக்குக் காலையிலேருந்து பேதி, நிக்கவே இல்லை" என்றார். குழந்தைக்கு இரண்டு வயது. நாங்களும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் பெரிதாக அச்சிட்ட பழச்சாற்று அட்டைப் பெட்டிகள் நான்கை எடுத்துக் கொடுத்தோம். குளிர்ச்சியாக இருக்கும், குழந்தை விரும்பிக் குடிக்கும் என்று சொல்லியும் அனுப்பினோம். குழந்தை விரும்பித்தான் குடித்தது. பேதி குறையவில்லை, கூடியது. நள்ளிரவில் கண்கள் குழி விழுந்த நிலையில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இறைவன் அருளாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் குழந்தை பிழைத்தது. மறுநாள் அந்தத் தகப்பனார் காலிப் பெட்டியைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல என்று அச்சிட்டிருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அந்த இரவுக்குப் பிறகு மருத்துவ அன்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை நம் சங்க உறுப்பினர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

உடம்பின் ஐந்தொகை

நம் இரத்தத்திலும் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் சில உப்புச் சத்துகள் கரைந்திருக்கின்றன. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் ஆகியவை முக்கியமானவை. இவற்றை ஆங்கில மருத்துவத்தில் எலக்ட்ரோலைட் என்பார்கள். மின்னூட்டம் உடைய உப்புகள் என்பது பொருள். நரம்பு செய்தி அனுப்புவதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் துடிப்பதும் இவற்றால்தான் நடக்கின்றன.

நம் ஐந்தொகையில் வரவும் செலவும் ஒத்துப் போக வேண்டியது போல, இந்த உப்புகளும் ஒரு கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரையும், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரையும் இருப்பது சரியான இருப்பு. ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பது ஆய்வுக்கூடத்தின் கணக்கு. இந்தக் கணக்கை அன்றாடம் சரிபார்த்து வைக்கும் கணக்குப்பிள்ளை நம் சிறுநீரகம். பேதி, வாந்தி, கடும் வியர்வை, சிறுநீரகக் கோளாறு, சில மாத்திரைகள் ஆகியவற்றால் இந்தக் கணக்கு குலையும்.

பேதியில் வெளியேறுவது வெறும் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே போகின்றன. ஆகவே வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் கணக்கு நேராகாது. சரக்கும் பணமும் போன கடைக்குச் சரக்கை மட்டும் வாங்கி வைப்பது போலத்தான் அது.

1971-இல் கண்ட உண்மை

உப்பும் சர்க்கரையும் ஏன் சேர வேண்டும்? சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் அந்த வாசல் திறக்கும். இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா போன்ற கொடிய பேதியிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1960-ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்த ஜோடிக் கணக்கை எடுத்துச் சொன்னார். அதற்கும் முன்பே, 1953-இல், கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் கொடுத்ததை வெளியிட்டிருந்தார். உலகம் அப்போது அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் இதை முறையாகச் சோதித்துக் காட்டினார்கள்.

இந்த மருந்தின் பெருமையை உலகம் உணர்ந்தது 1971-இல்தான். வங்கதேசப் போரில் இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். பன்கான் என்ற எல்லை ஊரில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலநாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அந்த இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. 'இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும்' என்ற கருத்தில் லான்செட் மருத்துவ இதழ் 1978-இல் தலையங்கம் எழுதியது. மகாலநாபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயிர்களைக் காத்த அந்த மருந்தின் உருவம், மளிகைக் கடையில் நாம் கட்டுவது போன்ற ஒரு பொட்டலம்தான்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். எது?

இப்போதுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். முன்பு உப்பு 3.5 கிராமும் குளுக்கோஸ் 20 கிராமும் இருந்தன. அளவைக் குறைத்தால் பேதியும் வாந்தியும் குறைகின்றன என்று கண்டு 2002-இல் மாற்றினார்கள்.

மேலே சொன்ன பழச்சாற்றுப் பானங்கள் சிலவற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. அதனால் என்ன என்று கேட்கலாம். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் மாங்காய் தண்ணீர் விடுகிறதல்லவா? அடர்த்தியான உப்போ சர்க்கரையோ தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். குடலுக்குள் சர்க்கரை அதிகமானாலும் அதே கதைதான். உடம்பிலுள்ள தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். எங்கள் கடையிலிருந்து போன பெட்டிகள் செய்த வேலை அதுதான்.

இதை எதிர்த்து ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். அதன் பின் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பெயருக்கு முன்னோ பின்னோ வேறு சொல் சேர்த்து 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டுக்கொள்ளலாம் என்று 2022-லும் 2024-லும் தந்திருந்த அனுமதியை அந்த உத்தரவு ரத்து செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் இனி அந்த எழுத்துகள் வரக் கூடாது.

இது கம்பெனிகள் பாடு என்று நாம் இருந்துவிட முடியாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான பெயரிட்ட உணவுப் பொருளை இருப்பு வைத்து விற்பவரும் பொறுப்பாவார். 52-ஆம் பிரிவின்படி 3 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கும் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பழைய பெட்டிகள் மூலையில் கிடந்தால் உடனே தனியே எடுத்து, பில்லோடு விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்புங்கள். வாடிக்கையாளர் கேட்டால், "அது மருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருவார்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு விற்பனை போனாலும் அந்த மனிதர் நம் கடையை மறக்க மாட்டார்.

நாம் டப்பாவில் விற்கும் குளுக்கோஸ் பொடியும் ஓ.ஆர்.எஸ். அல்ல. அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைச் சத்து மட்டுமே. பேதிக்கு அதைக் கேட்பவருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

கலக்கும் முறை

பெரிய பொட்டலத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு. உறை மேல் எழுதியிருக்கும் அளவைப் பார்த்தே கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தில் பாதியை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது தவறு. உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோய்விடும். பாலிலோ பழச்சாற்றிலோ கலக்கக் கூடாது. மேலும் சர்க்கரை சேர்க்கக் கூடாது. கலந்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

பொட்டலம் கிடைக்காத இரவு நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு சிறு ஸ்பூன் சர்க்கரையும், தலை தட்டிய அரை சிறு ஸ்பூன் தூள் உப்பும் கலந்து கொடுக்கலாம். இங்கே தூள் உப்பு என்பதைக் கவனியுங்கள். கல் உப்பை ஸ்பூனால் அளந்தால் அளவு முன்பின் ஆகும். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு கலக்க வேண்டும். இதில் பொட்டாசியம் கிடையாது. ஆகவே வாழைப்பழமும் இளநீரும் கூடவே கொடுப்பது நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் இளநீர் மட்டுமே போதும் என்றும் இருந்துவிடக் கூடாது.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்ல துணை. நம் பாட்டிமார்கள் கொடுத்த இதை இன்றைய மருத்துவமும் ஒதுக்கவில்லை. பக்கத்து ஊரான வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச் சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸுடன் சேர்த்தால் காலராப் பேதி குறைகிறது என்று 2000-ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

கண் குழி விழுந்து சோர்ந்து கிடத்தல், குடிக்கவே முடியாமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, மலத்தில் இரத்தம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெயிலும் வியர்வையும்

நம் காஞ்சிபுரத்தில் அக்கினி நட்சத்திர வெயிலில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். கொதிக்கும் சாயத் தொட்டியருகே நின்று பட்டு நூலைப் புரட்டும் சாயப் பட்டறைத் தொழிலாளி, காற்றில்லாத அறையில் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளி, ராஜாஜி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஆகிய அனைவருக்கும் வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும், தலை சுற்றும். உப்புப் போட்ட நீர் மோரும், உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறும் இவர்களுக்கு ஏற்றவை. இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவோடு குடிக்க வேண்டும்.

வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு வரும் கூட்டத்தை நாம் அறிவோம். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்தி வரதர் தரிசனத்துக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதையும், மயங்கி விழுந்தவர்களையும் நாம் நேரில் கண்டோம். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகவே அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணையிட்டது.

தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் வணிகர்களின் பழைய தருமம். அதைச் செய்யும்போது மூன்றைக் கவனித்தால் போதும். தண்ணீர் கொதித்ததாகவோ சுத்திகரித்ததாகவோ இருக்கட்டும். மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தை உடைத்து மோரில் போட வேண்டாம். பந்தலில் பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு லிட்டர் அளவுப் பாத்திரமும் தயாராக இருக்கட்டும். யாராவது மயங்கினால் நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் குடிக்கக் கொடுக்க வேண்டும். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்ப வாதம். வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பைக் குளிரச் செய்துகொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

முதியவர்களும் மாத்திரைகளும்

பேதியும் வெயிலும் இல்லாமலே உப்புக் கணக்கு குலைவதும் உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று சோர்ந்து, பேசுவது குழம்பி, ஆளை மாற்றிக் கூப்பிட்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இரத்தக் கொதிப்புக்குத் தரும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள் சிலருக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ஆனால் குறைந்த சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றக் கூடாது. ஒரு நாளில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். பொட்டாசியத்தையும் மருந்தாக ஊசி வழி கொடுக்கும்போது மிக மெதுவாகவே ஏற்றுவார்கள். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்' என்று நாமே கேட்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். வெறும் குளுக்கோஸ் நீர் குறைந்த சோடியத்தை மேலும் குறைக்கவும் கூடும்.

நம் கடைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொன்று உண்டு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் இப்போது விற்பனைக்கு வருகிறது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். இரத்தக் கொதிப்பு உள்ள பலருக்கு இது நல்லதே. ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். ஆகவே அந்தப் பாக்கெட்டைக் கேட்பவரிடம், "வீட்டில் யாருக்காவது கிட்னி வியாதி இருக்கிறதா? டாக்டரைக் கேட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டில் உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யவும் இந்த உப்பைப் பயன்படுத்தக் கூடாது.

நமது கடமை

நாம் மருத்துவர்கள் அல்ல. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஒரு தகப்பன் முதலில் ஓடி வருவது தெருமுனைக் கடைக்குத்தான். அவர் நம்மை நம்பிக் கேட்கிறார். நாம் கொடுப்பதை அப்படியே குழந்தையின் வாயில் ஊற்றுகிறார். எடையில் குறைவு வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நம் முன்னோர் சொல்லிக் கொடுத்தார்களோ, தெரியாத பொருளைத் தெரிந்ததுபோல் கொடுப்பதும் அவ்வளவு பாவம்தான்.

எங்கள் கடையில் இப்போது கல்லாப் பெட்டிக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது. 'பேதிக்குப் பழச்சாறு பானம் கிடையாது. ஓ.ஆர்.எஸ். பொடி மருந்துக் கடையில். ஒரு லிட்டர் பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர்' என்று எழுதியிருக்கிறோம். எங்கள் எழுத்து கோணல்தான். என்றாலும் வருகிறவர்கள் படிக்கிறார்கள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மிட்டாய் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருகிறது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கடையிலும் இப்படி ஓர் அட்டை எழுதித் தொங்கவிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.